மேற்கே பார்த்த கண்ணாடி

கோபன்ஹேகனில் குளிர்காலம் முடியும் நாட்களில் தெருவில் போகிறவர்கள் திடீரென்று நின்றுவிடுவார்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொள்வார்கள். வந்த புதிதில் அப்படி நின்ற ஒரு பெண்ணிடம், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "இல்லை, வெயில்" என்றாள். வெயிலில் மயக்கம் வருகிறதாக்கும் என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். சிரித்துவிட்டாள். அவள் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

சூழலைக் கெடுக்காத வணிக வளாகங்களைக் கட்டும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராகச் சேர்ந்து, இன்று அதன் இயக்குநர்களில் ஒருத்தியாக இருக்கிறேன். எனக்குப் பேர் வாங்கித் தந்த கட்டடம், அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்காகவே கட்டியது. தெற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பரிசு கிடைத்தபோது படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருவண்ணாமலையிலிருந்து அண்ணன் குமார் கைதட்டும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினான்.

போன சித்திரையில் ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன் நேரே அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனான். கிரிவலப் பாதையோரம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த எங்கள் கொல்லை நிலத்தில், என் கட்டடம் நின்றது. அதே மூன்று மாடி, அதே கண்ணாடி. மேற்கு வெயிலைப் பார்த்து.

"எப்டி கீது மல்லி? உன் போட்டோவ மேஸ்திரிகிட்ட காட்டி, இதே மாதிரி கட்டுனு சொல்லிட்டேன். நீ வந்து பாக்கட்டும்னுதான் சொல்லல."

கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுரீரென்றது. உள்ளே தையல் கடை வைத்திருந்த ஷாஹிதா, நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க குடுத்த ப்ளானாமே அக்கா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. "ஏசி போட்டாலும் சூடு கம்மியாவ மாட்டேங்குது. போன வாரம் மெஷின் மேலயே மயங்கி விழுந்துட்டேன். ஊசி ஏறிடுச்சி." கட்டுப் போட்ட விரலைக் காட்டினாள். மாசக் கடைசியில் காலி செய்யப்போவதாகவும் சொன்னாள்.

வெளியே வந்ததும் அண்ணனிடம் கத்தினேன். அவன் முகம் வெளுத்தது.

"அங்க பரிசு குடுத்தாங்களே மல்லி. இங்க மட்டும் எப்டி தப்பாப் போவும்?"

"அங்க வெயிலுக்கு ஏங்குறாங்கண்ணா."

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இடிச்சிடணுமா?" என்றான்.

"கண்ணாடிய மட்டும்."

விடுமுறையை நீட்டித்தேன். கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, காற்று புகும்படி இடைவெளி விட்டுச் செங்கல் சுவர் எழுப்பினோம். முன்னால் கீற்றுப் பந்தல் இறக்கினோம். "இப்பதான் மூச்சு விட முடியுதுக்கா" என்ற ஷாஹிதா, காலி செய்யவில்லை. அண்ணன் மட்டும் கழற்றிய கண்ணாடிகளைப் பார்க்காமல் நடந்தான்.

பௌர்ணமிக்கு மதியமே மலை சுற்றக் கிளம்பியவர்கள் பந்தல் நிழலில் உட்கார்ந்தார்கள். படியில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "இந்த ஊராம்மா நீ?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் பெருமையாகச் சொன்னான்: "இல்லீங்க, வெளிநாடு. என் தங்கச்சி."

அந்த அம்மாள் சட்டென்று நகர்ந்து, முந்தானையால் படியைத் துடைத்து, எங்கள் கொல்லையிலேயே விருந்தாளிக்கு விடுவதுபோல் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.