வரிக்குறைப்புக்கு எழுந்து நின்றவர்

எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் நல்ல மனிதர். அதனால்தான் எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, தன் கட்சி செய்யப்போவதைப் பொறுமையாகச் சொல்வார். இறந்தவர் சொத்துக்குப் போடும் மரண வரியை ஒழிப்பார்கள், நில வரியைக் குறைப்பார்கள், நகரசபைகள் இனி வருமானத்துக்குள் செலவு செய்யப் பழக வேண்டும். எதிர்வீட்டுக் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். புருஷன் கட்டிய வீட்டில் இருப்பதற்கே வரி கட்டி ஓய்ந்துபோனேன் என்று அவள் சொன்னது பொய்யில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னின் தென்கிழக்கில், ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில், வங்கிக் கடனில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தோம். மகன் மாதம் நிறையுமுன் பிறந்தவன். பாலைக் குடிப்பான், கக்குவான், நிறை ஏறாது. எங்கள் தெரு முனையில் நகரசபையின் குழந்தை நல நிலையம் இருந்தது. அங்கிருந்த தாதி, சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், வாரந்தோறும் அவனைத் தராசில் கிடத்திப் பார்ப்பார். நிறை இறங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். எங்களிடம் கார் இல்லை. அம்மா, அக்கா என்று ஓடிப்போய்க் கேட்கவும் ஆளில்லை. அந்தச் சிஸ்டரைத்தான் நம்பியிருந்தேன்.

அப்போது மாநில அரசு அப்படிப்பட்ட நிலையங்களுக்குக் கொடுத்து வந்த பங்கைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. நகரசபைக்கு இரண்டே வழி. வீட்டுவரியை உயர்த்த வேண்டும், அல்லது நிலையத்தை மூடிக் கட்டடத்தை விற்க வேண்டும். மூடினால் நாங்கள் ரயில் பாதைக்கு அப்பால் தொலைவிலுள்ள நிலையத்துக்குப் போக வேண்டும். பஸ் தான் நினைத்தபோதுதான் வரும். வரி கட்டுவோரைக் கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்வதையே செய்வோம் என்று மேயர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் நகரசபை மண்டபத்தில் கூட்டம். நிலையம் இருக்க வேண்டும் என்று நானும் கணவரும் வீட்டிலேயே பேசி முடித்துத்தான் போனோம். உள்ளே போனதும் கண்டேன். முன்வரிசையில், சட்டமன்ற உறுப்பினருக்குப் பக்கத்தில், கணவரின் மேலாளர் உட்கார்ந்திருந்தார். இலங்கைப் பட்டத்தை ஒரு கம்பெனியும் மதிக்காத காலத்தில் என் கணவருக்கு வேலை கொடுத்தவர் அவர். வீட்டில்கூட என் கணவர் அவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்.

உறுப்பினர் நிதானமாகப் பேசினார். கையில் காசில்லாத குடும்பம் செலவைச் சுருக்குகிறது, நகரசபை மட்டும் ஏன் சுருக்கக் கூடாது என்று கேட்டார். பலமாகக் கைதட்டினார்கள். ஒரு தாய் எழுந்து நிலையத்துக்காகப் பேசினாள், அவளுக்கும் தட்டினார்கள். கைகளை எண்ணுவது கடினம், எழுந்து நில்லுங்கள் என்றார் மேயர். வரியை உயர்த்தாமல் கட்டடத்தை விற்கச் சொல்பவர்கள் முதலில்.

முன்வரிசையில் பெரியவர் எழுந்தார். என் பக்கத்தில் என் கணவரும் எழுந்தார்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாத்தியார் எழுந்தால், மேலதிகாரி எழுந்தால், நம் கால் தானாக எழுந்துவிடும். மூளையைக் கேட்பதில்லை. என் கணவரை அவருடைய பள்ளிக்கூடம் அப்படித்தான் வளர்த்திருந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்கோ. என்ன செய்யிறியள்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உட்காரப் போன அந்த நேரம் பார்த்துப் பெரியவர் திரும்பினார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்து தலையசைத்தார். இவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணிக்கொண்டு வந்தவர் இவரையும் எண்ணிக்கொண்டு போனார்.

அடுத்து நிலையத்துக்காக நிற்பவர்கள். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மிகச் சொற்ப வித்தியாசத்தில் விற்பனை வென்றது. சிஸ்டர் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நகரசபை ஊழியர் என்பதால் அவரால் வாய் திறக்க முடியாது.

"அவர் எழும்பேக்க நான் எப்பிடி இருக்கிறது?" என்றார் கணவர், என் முகத்தைப் பாராமல்.

"உங்கட பிள்ளையின்ர தராசையெல்லோ வித்துப்போட்டு இருக்கிறியள்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மேயர் கூட்டத்தை முடித்துவைக்க வாயெடுத்தார். கணவர் மறுபடி எழுந்தார். தான் தவறுதலாக எழுந்து நின்றதாக ஆங்கிலத்தில் சொன்னார். தவறுதலாக எப்படி எழுந்து நிற்பது, நான் தெளிவாகத்தானே வாசித்தேன் என்றார் மேயர். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பெரியவரும் திரும்பினார்.

மேலாளருக்கு மரியாதையாக எழுந்தேன் என்றால் சிரிப்பார்கள். மேலாளரின் கட்சிக்கு எதிராக வந்தேன் என்றால் வேலை என்னவாகும் என்று தெரியாது. பிறகு, எனக்கு இங்கிலீஷ் போதாது, விளங்கவில்லை என்று சொன்னார். வேண்டுமென்றே உடைத்து உடைத்துச் சொன்னார். பெரியவருடைய அறிக்கைகளையே திருத்திக் கொடுத்த மனிதர், வானொலிச் செய்தியில் இலக்கணப் பிழை பிடிக்கிறவர்.

சிலர் சிரித்தார்கள். பின்னால் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த இரண்டு இத்தாலியச் சகோதரர்கள் எழுந்தார்கள். தங்களுக்கும் விளங்கவில்லை, முன்னால் இருந்தவர்கள் எழுந்ததால் எழுந்தோம் என்றார்கள். மேயர் அலுத்துக்கொண்டே, ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லி, மறுபடி எண்ண வைத்தார். இந்தத் தடவை என் கணவர் என்னோடு எழுந்தார். விற்பனை தோற்றது.

மகனின் நிறை பிறகு மெல்ல ஏறியது. அந்தத் தராசில்தான் ஏறியது.

திங்கட்கிழமை பெரியவர் கோபமில்லாமல் இவருடைய மேசைக்கு வந்தாராம். இங்கிலீஷ் விளங்கவில்லை என்றதை நம்பி, பரிதாபப்பட்டுத் தோளைத் தட்டினாராம். அதன்பின் அறிக்கைகளை வேறொருவரிடம் கொடுத்தார். இவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, எல்லோர் முன்னிலையிலும் பேசினார். அந்தக் கம்பெனியை விட்டு விலகும்வரை என் கணவரும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தியே அவருக்குப் பதில் சொன்னார்.