குழாய்ச் சத்தம்

தச்சருக்குக் காது கூர்மை. பலகையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே உளுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "என் பொண்டாட்டி நெஞ்சுல விசில் அடிச்சா, தெருமுனையிலயே எனக்குக் கேட்டுடும்" என்று பட்டறையில் பீற்றிக்கொள்வார். பெருமைப்படுகிற விஷயமா அது? மனிதர் அப்படித்தான்.

மனைவிக்கு ஆஸ்துமா கல்யாணத்துக்கு முன்பே உண்டு. மகள் பிறந்த பிறகு அதிகமானது. பரிசோதனை செய்து பார்த்ததில் வீட்டுத் தூசும் மரத்தூளும் ஆகவே ஆகாது என்று தெரிந்தது. தச்சருக்கு வாக்கப்பட்டவளுக்கு மரத்தூள் ஆகாதாம்! இதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள். மகளுக்கும் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். பின்னாளில் அம்மாவின் வியாதி அவளுக்கும் வரலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றோடு வீடு தலைகீழானது. வீட்டோடு இருந்த பட்டறை இரண்டு தெரு தள்ளிப் போனது. கம்பளம், கனத்த திரைச்சீலை எல்லாம் வெளியே. தலையணை உறைகளுக்கு வாராவாரம் வெந்நீர்க் குளியல். மகளின் கரடி பொம்மைக்கு அவ்வப்போது ஃப்ரீசர் வாசம். அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் சாகவேண்டுமாம். ஐஸ் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, ஃப்ரீசரைத் திறந்து இரண்டு கண்களைப் பார்த்து அலறிய அலறலைச் சொல்லி எத்தனையோ நாள் சிரித்தார்கள். தச்சர் பட்டறையிலேயே தலைக்குக் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டு வாசலுக்கே வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஒரு நொடி நின்று காதைத் தீட்டிக்கொள்வார்.

விசில் கேட்டால் தொலைந்தது. மருந்தை எடுத்துக் கொடுப்பார், முதுகைத் தடவிவிடுவார், அதிலெல்லாம் குறையே கிடையாது. அவளுக்கு மூச்சு சீரான பிறகுதான் ஆரம்பிப்பார். "நான்தான்டி உன்னக் கொல்றேன். இந்தப் பாழாப்போன தொழிலே வேணாம்." சோறு இறங்காது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுவார். அந்தக் கூத்தைப் பார்ப்பதற்கு மூச்சுத் திணறலே தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

ஒருமுறை சொன்னபடியே செய்தும்விட்டார். உளி, இழைப்புளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, ஒரு கிடங்குக்குக் காவல்காரராகப் போனார். பேயறைந்தவர்போல வருவார், போவார். சாப்பிடும்போது மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பட்டறைச் சாவியை அவர் கையில் திணித்தாள்.

"போங்க. எனக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க மூஞ்சியப் பாத்தாதான் எனக்கு மூச்சு முட்டுது."

போனார். போகும்போது சும்மா போயிருக்கலாம். "இன்னொரு தடவ விசில் கேட்டுச்சு, உளி ஒண்ணு விடாம அடுப்புல போட்டுடுவேன். பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு விசிலே கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் குளியலறைக்குப் புதுக் கதவு கேட்டாள். தண்ணீர் வெளியே தெறிக்கிறது, சந்தே இல்லாமல் வேண்டும் என்றாள். பெண்டாட்டி வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே என்று தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்துப் பார்த்து இழைத்தார். மூடினால் ஒரு தாள்கூட நுழையாது. அவர் செய்ததிலேயே நல்ல கதவு அதுதான்.

கதவு வந்ததும் அவளுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது. செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போவாள். குழாயை முழுதாகத் திறந்துவிடுவாள். நிற்கவே நிற்காது. தச்சர் வெளியிலிருந்து குரல் கொடுப்பார். "என்னம்மா, ஆத்தையே உள்ள கூட்டிட்டு வந்துட்டியா?" அவள் பதில் பேசமாட்டாள். சொம்பால் வாளியில் டங்கென்று ஒரு தட்டு. 'வாயை மூடு' என்று அதற்கு அர்த்தம் என அவராகவே வைத்துக்கொண்டார். அந்த ஒற்றைத் தட்டு கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமும் அப்படித்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று கேட்டார். குழாய்ச் சத்தம். "ஆறு வந்தாச்சா?" என்றார். டங். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டார். அவளுக்கு ஒரு தம்ளர் ஊற்றி மூடியும் வைத்தார். தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. கூப்பிட்டார். தட்டினார். தோளால் மோதினார். கதவு அசையவே இல்லை. நல்ல வேலைப்பாடு.

எதிர்வீட்டிலிருந்து கடப்பாரை வந்த பிறகுதான் திறந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "கொஞ்ச நாளா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாங்களே? தினம் எடுக்கற மருந்து எடுத்துக்கிட்டாங்களா?"

"கஷ்டமா? ஒரு வருஷமா மூச்சுத் திணறலே கிடையாதுங்க டாக்டர். மருந்துகூடத் தேவைப்படல. நான் தினம் கேக்கறேனே" என்றார் தச்சர். அந்த நிலைமையிலும் குரலில் பழைய பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்த மகள், "இருந்துச்சுப்பா" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"தினம் எடுக்கற மருந்த எடுத்தா, இன்னும் சரியாகலயான்னு அழுவீங்கன்னு விட்டுட்டாங்க. மூச்சு முட்டறப்ப அடிக்கற மருந்து மட்டும் துணி கிளிப் கூடையில இருக்கும். உங்களுக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் குழாயத் திறந்துவிடுவாங்க. உங்ககிட்ட சொன்னா உளியெல்லாம் அடுப்புல போட்டுடுவீங்கன்னு சொல்லக்கூடாதுன்னாங்க."

தச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச முடியாதவள் தட்டிய தட்டு அது. அதற்கு அவர் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போயிருக்கிறார்.

அவள் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனதும், குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றித் தெருவில் வீசினார். மகளைக் கட்டிக்கொண்டு கதறினார். "உனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா அப்பா உயிரோடவே இருக்கமாட்டேன்டா. சத்தியமா இருக்கமாட்டேன்."

படுபாவி, அப்போதும் புத்தி வரவில்லை. அன்பில்தான் சொன்னார், இல்லையென்று யார் சொன்னது? அடுப்பில் போடுவேன் என்றதும் அன்பில்தான். குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்றாள்.

மாதங்கள் போயின. பட்டறையை மறுபடி திறந்தார். தலைக்குக் குளிப்பதும் வெள்ளைச் சட்டையும் மாறவில்லை. ஒரு நாள் வாசலில் செருப்போடு நின்றவருக்கு உள்ளேயிருந்து குழாய்ச் சத்தம் கேட்டது.

செருப்பைக் கழற்றவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். மகள் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு வெளுத்திருந்தது. மடியில் துணி கிளிப் கூடை. கையில் அம்மாவின் மருந்து. அப்பாவைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

குழாயை மூடினார். அந்தச் சின்ன அறை முழுக்க விசில்.

"ஏன்டா கண்ணு... ஏன் என்னக் கூப்பிடல?"

அவள் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள். "நீங்க... செத்துடுவேன்னு... சொன்னீங்களே."

மருந்தை வாங்கி அவள் வாயில் வைத்து அழுத்தினார். இன்னொன்றும் அழுத்தினார். அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார். ஓட்டத்தில் அவருக்கே இரைத்தது.

"அப்பா சாகமாட்டேன்டா. எங்கயும் போகமாட்டேன். அழவும் மாட்டேன். நீ சத்தமா மூச்சு விடு. அப்பாவுக்குக் கேக்கணும்."

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். காதோரத்தில் விசில் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு வருஷம் முழுக்க அவள் அம்மா அவர் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட சத்தம். அழமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.