ராணி தலையை உதறிய நாள்

கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் எங்கள் குதிரை ராணி, வேட்டுச் சத்தத்துக்கு மிரளும். வண்டிப் பந்தய வீடியோ ஒன்றைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது: பந்தயக் குதிரையின் கனத்த கடிவாளத்தை மாட்டினால் அடங்கிவிடாதா? பேராவூரணியில் தெரிந்த பந்தயக்காரரிடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன்.

குடவாசல் பக்கம் மாப்பிள்ளை ஊர்வலம். இன்னும் வேட்டே போடவில்லை. ராணி தலையை உதறியது. நான் இழுத்துப் பிடித்தேன். உதறல் அதிகமாக, இன்னும் இழுத்தேன். சட்டென்று முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. பக்கத்திலேயே வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர்.

"தம்பி, எனக்கு இன்னும் நிக்காஹே ஆவலப்பா! எறக்கி விடு!" என்று அலறினார் மாப்பிள்ளை.

"கயித்த விடுடா, கிறுக்கா!" என்று கத்தினான் கூடவே நடந்து வந்த என் அண்ணன். விட்டேன். ராணி நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பள்ளிவாசலுக்கு நடந்தே போனார். நான் ராணியின் வாயைத் திறந்து பார்த்தேன். கடிவாளக் கம்பி அதன் வாய்க்கு ஒரு விரல் அளவு குட்டை. இரண்டு கடைவாயும் நசுங்கி ரத்தம் கசிந்தது. அங்கேயே அதைக் கழற்றினேன்.

இனி வாயின் அகலத்தை நூல் பிடித்து அளக்காமல் எந்தக் கம்பியையும் மாட்ட மாட்டேன். புண் ஆறியதும், வெறும் தலைக்கயிற்றோடு அறுத்த வயலில் நிறுத்தி, தூரத்தில் ஒரு வேட்டு வைக்கச் சொல்லப் போகிறேன். மிரண்டால், இழுக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.