சத்தமில்லாத பக்கம் வந்த மான்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜெர்மன் பேசும் ஊரான ஊஸ்டரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி வேட்டைக்காரர். இலையுதிர்காலச் சனிக்கிழமையொன்றில், மான்களை வேட்டைக்காரர் பக்கம் கத்திக் கலைக்க ஆட்கள் போதாதென்று என்னையும் எங்கள் சமையல்கார அண்ணையையும் காட்டுக்கு அழைத்துப்போனார்.

செம்மஞ்சள் மேலங்கி போட்டு, தடியால் மரங்களைத் தட்டிக் கத்தியபடி வரிசையாக நடந்தோம். முதல் வெடி கேட்டதும் என் குரல் நின்றுவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவன் நான்.

"கத்தும் தம்பி!" என்றார் பக்கத்தில் வந்த அண்ணை.

"ஏலாது அண்ணை."

அப்போது பெண்மான் ஒன்று புதரைவிட்டு வெளியே வந்தது. என்னைக் கண்டதும் ஓடிவிடும் என்று நினைத்தேன். அது நேரே வந்து என் முழங்காலோடு ஒட்டி நின்றது. அதன் விலா ஏறி இறங்கியது. எதிரே முதலாளியின் துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"அசையாதையடா!" அண்ணை கத்தினார்.

மூச்சை அடக்கினேன். முதலாளி மெல்லத் துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்தி, தோட்டாக்களைக் கழற்றினார். மான் இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு ஓடாமல், நடந்தே காட்டுக்குள் போனது.

முதலாளி என்னருகே வந்தார்.

"இத்தனை வருட வேட்டையில் இப்படிக் கண்டதில்லை. என்ன செய்தாய்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஒன்றுமில்லை. கத்தவில்லை, அவ்வளவுதான்."

அன்று அவர் பிறகு சுடவில்லை. அடுத்த வருடமும் என்னைக் கூப்பிட்டார். சமையலறையில் வேலை இருக்கிறதென்று சொல்லிப் போகாமல் நின்றுகொண்டேன்.