நுனி விதையும் நடு விதையும்

மலேசியாவில் பீடோர் பக்கம் போய்ச் சோளம் என்று கேட்டுப் பாருங்கள், என் தோட்டத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். விதையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதில் ஒரே ஒருமுறை கொஞ்சம் அசந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அப்போது அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டினார். வரிசையாக ஒட்டி நின்ற லயத்து வீடுகளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அம்மாவின் கொல்லை. அந்த வருஷம் அக்காவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு பாத்தி கொடுத்த அம்மா, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய மக்காச்சோளக் கதிரில் இரண்டை இறக்கிக் கிண்ணத்தில் உதிர்த்துவைத்தாள். யாருடைய சோளம் முதலில் தட்டுக்கு வருகிறதோ, அவர் தீபாவளித் துணி எடுக்க அப்பாவோடு ஈப்போ போகலாம். தோட்டத்து லாரியில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். ஈப்போவை நான் பார்த்ததில்லை. அக்காவும்தான்.

அக்கா தண்ணீருக்குப் போன நேரத்தில் கிண்ணத்துக்குள் கையை விட்டேன். கதிரின் நடுவிலிருந்து உதிர்ந்த பருத்த விதையெல்லாம் எனக்கு. நுனியில் இருந்த பொடிசெல்லாம் அவளுக்கு.

திரும்பி வந்தவள் கிண்ணத்தை ஒருமுறை கிளறிப் பார்த்தாள். "ஏன்டா, கோழிக்குப் போடுறத எனக்கு வச்சிருக்க?" என்றாள். ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் என் பாத்தி தடித்த குருத்தாக நின்றது. அவளுடையது நூல் நூலாய். லயத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். "கைராசி அப்படிலா" என்றேன். விதைக்குள் இருப்பது கட்டிக்கொடுத்த சோறு. பெரிய விதைக்கு அது கொஞ்சம் கூடுதல், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். இன்று விவசாய அதிகாரிகளுக்கே இதைச் சொல்கிறேன். அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை. பெருமை பார்க்க மட்டும் பாத்திக்குப் போவேன். அக்கா களை பிடுங்குவாள், ஆட்டுப் புழுக்கை போடுவாள், கதிர் பிடித்தபோது வாளி வாளியாய்த் தண்ணீர் தூக்கினாள். இரண்டு பாத்தியும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்ததைக் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை.

ஆனாலும் முதல் கதிர் என்னுடையதுதான். நாலு நாள் முந்தி. அப்பா தோலை உரித்தார். நடுநடுவே மணியே இல்லை.

"பல்லு போன தாத்தா சிரிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள் அக்கா.

சிரித்தால் சிரிக்கட்டும், தீபாவளி நெருங்கியபோது ஈப்போவுக்குப் போனது நான். நீலச் சட்டை எடுத்தேன். அவளுடைய பாவாடைத் துணியையும் நானே பொறுக்கினேன், பளீரென்ற மஞ்சள். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

வீடு திரும்பியபோது அடுப்புக்கு மேலே புது விதைக்கதிர்கள் தொங்கின. நுனிவரை மணி கட்டியவை. அத்தனையும் அக்கா பாத்தியில் காய்ந்தவை. என்னுடையது ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன்.

"நீதான் ஜெயிச்சிட்டியேப்பா, போய்ச் சாப்பிடு" என்றாள் அம்மா.

பாவம், தோற்றவளுக்கு ஆறுதல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நீலச் சட்டையை மாட்டி லயத்தைச் சுற்றிவரக் கிளம்பினேன்.