கதவைச் சாத்திய அப்பா

"தங்கச்சி, மீன்காரன் எனக்கு மீன் குடுக்க மாட்டேங்கிறான்."

ஜாசின் பசாரிலிருந்து மாணிக்கம் அண்ணன் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். "ஏண்ணே, மீன் தீந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"மீனு நெறைய கெடக்கு. 'பெத்த பொண்ண மழையில விட்டுட்டுக் கதவச் சாத்துன ஆளுக்கு மீன் ஒரு கேடா'ன்னு கேக்குறான். எல்லாம் உங்க டிராமா பண்ற வேல!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. நாடகம் எழுத வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

1. மைக்குக்குக் கண் கிடையாது

நான் பல வருடங்கள் வானொலிக்கு நாடகம் எழுதியவள். மலாக்கா டவுனில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையில் பதிவு நடக்கும். மாணிக்கம் அண்ணன் குருபோங்கில் பேக்டரி பஸ் ஓட்டுபவர். லீவு நாளில் வந்து அப்பா, மாமா, எஸ்டேட் ஆட்களை விரட்டும் மண்டோர் என்று எல்லாமாகவும் பேசுவார். மைக்கே கொஞ்சம் பயப்படும் குரல் அவருக்கு.

வானொலியில் எதையும் வாயால்தான் காட்ட வேண்டும். "அடடே, வாங்க மாமா! நனைஞ்ச கொடைய ஓரமா வைங்க!" வந்தது யார், கையில் என்ன, வெளியே மழையா வெயிலா, எல்லாம் இதிலேயே முடிந்தது. வீட்டில் எந்த மனுசனும் இப்படிப் பேசமாட்டான். பேசினால் டாக்டரிடம் கூட்டிப் போவோம்.

மனக்குரல் என்று ஒன்றும் உண்டு. வாயை மைக்கை ஒட்டி வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுவது. அதற்கு ஒரு சிட்டிகை எக்கோ சேர்ப்பார்கள். இது அவர் மனசுக்குள் ஓடுவது என்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

என் நாடகம் ஒன்றில், சொல் பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் மழையில் திரும்பி வருவாள். அப்பா கதவைச் சாத்திவிடுவார். சாத்திய பிறகு நாம் அவரோடு உள்ளேயே இருப்போம். கதவில் சாய்ந்துகொண்டு மனக்குரலில் சொல்வார்: "தட்டுடி... இன்னொரு தடவ தட்டு. அப்பா தொறந்துடுறேன்." அவள் தட்டாமல் போய்விடுவாள்.

அதைக் கேட்டவர்கள், "அந்த அப்பாவ ஏம்மா இப்படி அழ வச்ச?" என்று என்னைத்தான் திட்டினார்கள். மகள் எங்கே போனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

2. சும்மா நிற்கும் வேலை

போன வருடம் ஷாமினி என்ற டைரக்டர் இதே கதையைப் போனில் பார்க்கும் குறுந்தொடராக எடுத்தார். என் மகள் வயது. அப்பா வேடத்துக்கு மாணிக்கம் அண்ணன்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

லூபோக் சீனா பக்கம் ஒரு பழைய எஸ்டேட் வீட்டில் ஷூட்டிங். முதல் டேக்கில் அண்ணன் கதவைத் திறந்தார்.

"யாரு? என் மக ராதாவா? செவப்புச் சேல கட்டிக்கிட்டு, கையில பேக்கோட வந்திருக்கியே!"

"கட்! அங்கிள், சேல செவப்புன்னு கேமராவுக்குத் தெரியும் லா."

"பேக்கு?"

"அதுவும் தெரியும்."

"அப்ப நான் எதுக்கும்மா?"

"நீங்க சும்மா நில்லுங்க அங்கிள்."

காலை முதல் இரவு வரை பஸ் ஓட்டச் சொன்னால் ஓட்டுவார். சும்மா நிற்கச் சொன்னால் அவருக்கு வேர்த்துவிடும். டேக்குக்கு டேக் வசனம் குறைந்து, கடைசியில் அவர் வாயே திறக்கவில்லை. மனக்குரலாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"ஆண்ட்டி, மைண்ட் வாய்ஸ் எல்லாம் பழசு. அங்கிள் மூஞ்சிலயே ஆடியன்ஸ் புரிஞ்சுக்குவாங்க."

புரிந்துகொண்டிருப்பார்கள், மூஞ்சி தெரிந்திருந்தால். கேமரா வாசலில் மகளோடு நின்றது. கதவு சாத்தியதும் அண்ணன் மறைந்துபோனார். மிச்ச நேரம் முழுக்க, ரப்பர் குழாயில் அடித்த மழையில் அந்தப் பெண் நனைந்தாள். அதே ஆள், அதே கதவு. இந்தத் தடவை ஊரே அவரைத் திட்டியது. ஷாமினிக்கு ஒரே சந்தோஷம்.

3. குருபோங் வீடு

மாணிக்கம் அண்ணன் மகள் கவிதாவும் அவளோடு வேலை செய்யும் பையனும் விரும்பினார்கள். பையனுக்கு அம்மா மட்டும்தான், தனலெட்சுமி என்று பெயர். சம்மதிக்கிற மாதிரி இருந்த அந்த அம்மா, பெண் வீட்டுப் போட்டோவைப் பார்த்ததும், "இந்த மனுசனா? இவரு வீட்டுப் பொண்ணு வேணாம்" என்று சொல்லிவிட்டார். நடிப்பு என்று மகன் சொல்லியும் கேட்கவில்லை.

கவிதா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் என் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். "நேர்ல போய்ப் பேசுவோம் வாங்க" என்றேன். ஷாமினியையும் கூப்பிட்டேன்; அவர்தான் காரை எடுத்தார்.

குருபோங்கில் அவர்கள் வீட்டில் பையன் எங்களை உட்கார வைத்தான். தனலெட்சுமி அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வாங்க" என்று குசினியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. சினிமா வேறு, வாழ்க்கை வேறு என்று நான் ஏதேதோ சொன்னேன். பதிலுக்குப் பாத்திரம்தான் உருண்டது.

கடைசியில் அண்ணன் குசினிப் பக்கம் பார்த்துப் பேசினார். "தங்கச்சி, எம்மவ மேல ஒரு தப்பும் இல்ல. என்னப் புடிக்கலன்னா நான் கல்யாணத்துல ஒரு மூலையில ஒக்காந்துக்கிறேன். அவள வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"ரேடியோவுல, 'இன்னொரு தடவ தட்டு'ன்னு சொன்னது நீங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"ரெண்டும் ஒரே கதைதான்க்கா. ரெண்டுலயும் இவருதான்" என்றேன்.

அக்கா உட்கார்ந்தார். "எங்கப்பாவும் அப்படித்தான் கதவச் சாத்துனாரு. நான் ஒரு தடவ தட்டிட்டுப் போயிட்டேன். உள்ள என்ன செஞ்சாருன்னு தெரியாமலே அவரும் போய்ச் சேந்துட்டாரு. உங்க ரேடியோ நாடகத்தக் கேட்டுத்தான், எங்கப்பாவும் உள்ள இப்படித்தான் அழுதிருப்பாருன்னு மனச ஆத்திக்கிட்டேன். போனுல பாத்தா, என்னத் திரும்பவும் வெளிய நிக்க வச்சிட்டீங்களே."

ஷாமினி தலையைக் குனிந்துகொண்டார். அக்காவே எழுந்து, "எல்லாரும் பசியாறிட்டுப் போங்க. பொண்ண ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க" என்றார்.

திரும்பும் வழியில், உட்பக்கம் ஒரு ஷாட் எடுத்துச் சேர்க்கலாமா என்று ஷாமினியே கேட்டார். எடுத்தோம். மழைச் சத்தம், தாழ்ப்பாள் மேல் அண்ணனின் கை, அவ்வளவுதான். வசனம் இல்லை.

யாரை நல்லவராக்குவது, யாரைக் கெட்டவராக்குவது என்று நான் இப்போதெல்லாம் யோசிப்பதில்லை. பார்க்கிறவரைக் கதவுக்கு எந்தப் பக்கம் நிறுத்துகிறேன் என்று முதலில் முடிவு செய்துகொள்கிறேன். அங்கே நிஜமாகவே நின்றவர் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்.

புது ஷாட்டை முதலில் தனலெட்சுமி அக்காவிடம்தான் காட்டினோம். ரெண்டு தடவை பார்த்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கப்பா கை இதவிடச் சின்னதா இருக்கும்."