மரத்தில் தொங்கிய வாடிக்கையாளர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் கொழுந்தனுக்கு வாசலில் நாற்காலி போட்டாக வேண்டும். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவனுடைய கூட்டாளிகள் வந்து உட்கார்ந்து, எந்த செல்போன் கம்பெனி பிழைக்கும், எது மண்ணைக் கவ்வும் என்று சாயந்தரம் வரைக்கும் அடித்துக்கொள்வார்கள். எல்லாரும் ஷேரில் பணம் போட்டவர்கள். ஒருத்தன் இனிமேல் எல்லாம் 5ஜிதான் என்பான். இன்னொருத்தன் 4ஜியை வைத்தே இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்பான். மூன்றாவது ஆள், சாட்டிலைட்டிலிருந்து நேராக போனுக்கே சிக்னல் வரப்போகிறது, டவரையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான் என்பான். டீ போட்டுக் கொடுத்து என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அவர்கள் பேச்சைக் கேட்டால் போன் என்பது மனுஷர்கள் பேசுவதற்காக வந்த பொருள் என்றே தோன்றாது.

நான் கல்வராயன்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முதல் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஊருக்குள் நடந்து போக வேண்டும். வழியில் மேட்டுத் திருப்பத்தில் ஒரு பலாமரம். அந்த ஊருக்கே சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். கீழே கோமுகி அணைப்பக்கம் இருக்கும் டவரிலிருந்து எப்படியோ அங்கே மட்டும் வந்து விழும், கொஞ்சம் தள்ளிப் போனால் இருக்காது. அதனால் ஊர்க்காரர்கள் காலையில் காட்டுக்குப் போகும்போது பட்டன் போனை ஒரு பையில் போட்டு அந்தக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள். பொழுது சாய்ந்ததும் எடுத்துக்கொண்டு போவார்கள். எந்தப் பை அடித்தாலும் அந்த நேரம் வழியில் போகிறவர் எடுத்துப் பேசி, அந்த வீட்டில் சேதி சொல்லிவிட வேண்டும். அது ஊர் வழக்கம். நானும் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். மரவள்ளிக்கிழங்கு ஏற்ற லாரி வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். பேரன் பிறந்ததைச் சொல்லிச் சர்க்கரை வாங்கித் தின்றிருக்கிறேன். ஒரு கல்யாணம் நின்றுபோனதையும் நான்தான் பெண் வீட்டில் போய்ச் சொன்னேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளியில் எனக்குச் சமையல் உதவியாளராக இருந்த அம்மா அந்த ஊர்க்காரர்தான். அவர் மகள் திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை செய்தாள். மில் ஹாஸ்டலிலேயே தங்கல். ஞாயிறு பகலில் மட்டும் வார்டனுடைய போனிலிருந்து வீட்டுக்குப் பேச விடுவார்கள். அந்த அம்மா ஞாயிறு முழுக்க மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை அரிசி களைந்துகொண்டே மகள் பேசினதை வரி விடாமல் எனக்கு ஒப்பிப்பார்.

போன வருஷம் ஒரு நாள் குடையும் பேனருமாக ஒரு வேன் மலையேறி வந்தது. கம்பெனி மாறினால் புது போன் இலவசம், நம்பர் அப்படியே இருக்கும் என்றார்கள். ஊரில் ஒரு பழக்கம் உண்டு. திருவிழாவோ, கிழங்கு நடுவதோ, எதுவானாலும் ஊரே சேர்ந்து செய்யும், இல்லையென்றால் யாரும் செய்ய மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் சொன்னார்: "மார்னா எல்லாரும் மாறுவோம். ஒரே மரத்துல தொங்கற போனு, அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு கம்பெனி?"

அன்றைக்கே எல்லா வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று கைரேகை வைத்தார்கள். அடுத்த சில நாளில் எல்லா நம்பரும் புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டன. மரத்தில் புதுப் போன்கள் தொங்கின. ஒன்றுகூட அடிக்கவில்லை.

வேன்காரர்களுக்கு நான்தான் கீழிருந்து போன் போட்டேன். "டவர் வந்துக்கினே இருக்குதுங்க, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றான் ஒருத்தன். அப்புறம் போட்டபோது எடுக்கவே இல்லை. பழைய கம்பெனிக்குத் திரும்பலாம் என்றால் மூன்று மாசம் ஆகுமாம். ராத்திரி சாப்பாட்டில் கொழுந்தனிடம் கேட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே விளக்கம் சொன்னான்.

"அது உசந்த பேண்டு அண்ணி. வேகம் ஜாஸ்தி, தூரம் கம்மி. அந்த மரத்துக்கெல்லாம் வராது."

"தெரிஞ்சேவா கொண்டாந்து வித்தானுங்க?"

"அவனுக்கு இன்னா அண்ணி? இந்த மூணு மாசத்துல எத்தினி பேரு புதுசா சேந்தாங்கன்றதுதான் கணக்கு. அத வச்சித்தான் ஷேரு ஏறும். நான்கூட அதுல கொஞ்சம் போட்டிருக்கேன்."

ஏதோ மழை பெய்த சேதி சொல்கிற மாதிரி சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கிவிடலாமா என்றிருந்தது. புருஷன் முகத்துக்காக இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

சமையல்கார அம்மா முதலில் டவர் வரும் என்றே நம்பினார். ஞாயிறு தவறாமல் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். வாரங்கள் போகப் போக அவர் பேச்சு குறைந்தது. ஒரு நாள் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, இந்த போன நீங்க கீழ எடுத்துக்கினு போங்க. சிக்னலு வர்ற எடத்துல எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசிடுங்க. நல்லா கீறாளான்னு கேட்டுக்கினு வந்தா போதும்."

நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான்.

அன்று சாயந்தரம் பஸ் கோமுகி அணையை நெருங்கும்போது என் பைக்குள் அந்த போன் கத்த ஆரம்பித்தது. முதலில் கம்பெனியின் வாழ்த்து. எங்கள் குடும்பத்தில் இணைந்ததற்கு நன்றியாம். த்தூ. அதன் பின்னாலேயே தவறிய அழைப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாம் ஒரே நம்பர், அந்த வார்டனுடையதாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஞாயிறுகளில் மட்டும். அப்புறம் புதன், வியாழன் என்று வார நாட்களிலும். அன்றைக்குக் காலையிலும் கூப்பிட்டிருந்தார்கள். பஸ்ஸிலேயே அந்த நம்பருக்குப் போட்டேன். எடுத்தது வார்டன்.

"என்னங்க பெத்தவங்க நீங்க? புள்ளைக்கு மஞ்சக்காமாலை. வூட்டாளுங்க வந்தாத்தானுங்க அனுப்ப முடியும், அதான் இங்க சட்டம். கூப்புட்டுக் கூப்புட்டு சலிச்சுப் போச்சு. இப்ப பெரியாஸ்பத்திரில கெடக்குது. எங்கம்மா என்ன வேண்டாம்னு உட்டுட்டாங்கன்னு அழுகுது."

மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தான் ஹாஸ்டலில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? எதிரே மலைக்குப் போகும் பஸ் வந்தது. எங்கள் டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்த கண்டக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கண்டிப்பாக அந்த வீட்டுக்குச் சேதி போக வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். 5ஜி வந்த காலத்தில் சேதி கண்டக்டர் வாயில்தான் மலையேறியது.

வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கொழுந்தனை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த மரம், அந்தப் பெண், ஆஸ்பத்திரி, எல்லாம். அவன் கவனமாகக் கேட்டான். போனைக்கூடக் கீழே வைத்துவிட்டான். பரவாயில்லை, இவனுக்கும் ஈரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"அண்ணி, அந்த ஊர்ல எத்தினி வூடு இருக்கும்?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன். அக்கம்பக்கத்து ஊர்லயும் இப்படித்தான் வேன் வந்திச்சா?"

வந்தது என்றேன். எல்லா ஊரிலும் இதே கதைதான் என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் மலையிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் அந்த அம்மா தன் தம்பியோடு எங்கள் ஊரில் இறங்கினார். கண் வீங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி வரைக்கும் கூடப் போய் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "எம்மேல தப்பு இல்லன்னு அவகிட்ட யாரு சொல்லுவாங்க?"

மகளை ஊருக்குக் கூட்டி வர நாளானது. எலும்பும் தோலுமாக வந்தாள். பஸ்ஸிலிருந்து நடந்து வரும்போது பலாமரத்தடியில் நின்றுவிட்டாள். வரிசையாகத் தொங்கும் பைகளைப் பார்த்து, "ஒரு வூட்ல கூடவாம்மா பழைய சிம்ம வச்சிருக்கல?" என்று கேட்டாள். கூட நடந்த ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மா மகளின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மகள் அவரோடு சரியாகப் பேசவே ரொம்ப நாளானது.

கொஞ்ச காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஒரு பட்டுப்புடவையோடு வந்து நின்றான். மலை ஊர்க்காரர்கள் பழைய கம்பெனிக்கே திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த மாதிரி எத்தனையோ ஊர்களாம், வேன் அனுப்பின கம்பெனியின் கணக்கு இறங்கி ஷேரும் விழுந்ததாம். வாசலில் அவன் கூட்டாளிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க சொன்ன மறுநாளே நான் வித்துட்டேன் அண்ணி. நல்ல வெலைக்கு. எல்லாம் உங்க புண்ணியம்."

அந்தப் புடவை இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. என் மாமியார் ரெண்டு முறை கட்டச் சொல்லிக் கேட்டுவிட்டார். எனக்கு அதைத் தொட்டால் கை கழுவத் தோன்றுகிறது. எத்தனை வீடு என்று கேட்டவன், அந்தப் பெண் பிழைத்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.